பாப்பாவுக்கு அம்மா எழுதுவது

சுங்கை சிப்புட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வாட்சப்பில் கேட்டால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் முறுக்கு டின்னோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். உன் அண்ணன் ஜொகூர் பாருவுக்கு லாரி ஓட்டி வருகிறான்.

இங்கே எல்லாரும் சுகம். அப்பா இன்னும் பள்ளிக்கூடத்துக் காவல் வேலைக்குப் போகிறார். பழைய தோட்டத்து லயத்து வீடுகளை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். சரி, அதை விடு.

நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனைத் தாளின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சர்க்கரை தெரிகிறது, கொழுப்பு தெரிகிறது. கடைசி வரியில் என்டி-புரோபிஎன்பி என்று போட்டிருக்கிறது. எண் இருக்க வேண்டிய இடத்தில் உன் கட்டைவிரல். கீழே ‘எல்லாம் ஓகே மா’ என்று எழுதியிருக்கிறாய். ஓகே என்றால் விரல் எதற்கு?

மூன்றாம் வீட்டு நர்ஸ் மிஸ்ஸியிடம் விசாரித்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரியாமலா இருக்கும். பாரம் தாங்காமல் இதயத்தின் கீழறைச் சுவர் இழுபட்டால், அந்தத் தசையே ஒரு ஹார்மோனை ரத்தத்தில் விடுமாம். அது உப்பையும் நீரையும் சிறுநீரில் தள்ளிப் பாரத்தைக் குறைக்கப் பார்க்கும். 1988ல் ஜப்பானில் முதலில் பன்றி மூளையில் கண்டுபிடித்ததால் பிஎன்பி என்ற அதன் பெயரிலும் ‘பிரெய்ன்’ என்று மூளை ஒட்டிக்கொண்டதாம், வேடிக்கைதான். அதோடு கூடவே பிரிந்து வரும் துண்டு ரத்தத்தில் இன்னும் அதிக நேரம் தங்கும். உனக்கு அளந்தது அதைத்தான்.

மில்லிலிட்டருக்கு 125 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால், பொதுவாக இதயம் பலவீனப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு என்பார்களாம். உன்னைப் போல் பிறவி இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் ஆனவர்களுக்கு அந்த ஒரு எல்லையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது, பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்கிறாள். போன தடவை உனக்கு 96. பச்சை ஃபைலில் இருக்கிறது. இப்போது எவ்வளவு?

இதயத்து ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்குப் போகும் வழியை விரித்துவிட்டதோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதே. அந்த வழியில் இருக்கும் வால்வு ஒழுகி வலது கீழறை பெருத்துக்கொண்டே போனாலும் வருஷக்கணக்கில் உடம்புக்குத் தெரியாது. எண் குறைவாக வந்தாலும் எக்கோ, எம்ஆர்ஐ என்று இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தாக வேண்டும். கூடியிருந்தாலும் அது மட்டுமே தீர்ப்பில்லை, சிறுநீரகம் சரியில்லாவிட்டாலும் கூடும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

நீலம் பாரித்துப் பிறந்த பிள்ளை தங்காது என்று சொன்ன வாய்கள்தான் நீ இன்ஜினியர் ஆன அன்று நம் வீட்டில் கேசரி தின்றன. உன்னால் நான் தலை நிமிர்ந்து நடக்கிறேன். அவ்வளவு படித்தவளுக்கு ஐஜேஎன் இதய ஆஸ்பத்திரித் தேதியைத் தள்ளிப்போடத்தான் தெரிகிறது.

தீபாவளிக்கு வரவில்லை, அசதி என்றாய். எதிர்வீட்டு அத்தை ‘என்ன, விசேஷமா?’ என்று கேட்டாள். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். நானும் உன்னைக் கேட்கப்போவதில்லை. பொதுவாகச் சொல்கிறேன், அவ்வளவுதான். இந்த ஆபரேஷன் ஆனவர்கள் பலர் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். அதற்கு முன்னாலேயே இதயத்தை முழுசாகப் பார்த்துவிட வேண்டும். வயிற்றில் இருக்கும்போதும் இதே ரத்தத்தை எடுத்துப் பார்ப்பார்கள், இதய டாக்டரும் பிரசவ டாக்டரும் சேர்ந்து கவனிக்க வேண்டும். மாப்பிள்ளையிடமும் சொல்லி வை.

அசதி எதனால் என்றாலும் டாக்டரிடம் போ. படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, படபடப்பு உண்டா, கால் வீங்குகிறதா என்று கேட்பார். அவரிடமாவது ‘ஓகே’ என்று சொல்லாதே. டாக்டரிடம் போ பாப்பா.

எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். அந்தத் தாளை மேசைமேல் வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பு. ஐஜேஎன் தேதி கிடைத்ததும் சொல், அப்பா லீவு போட வேண்டும், நான் முதல் நாளே கோலாலம்பூர் வந்துவிடுவேன்.

முறுக்கில் உப்பு தூக்கல். மாப்பிள்ளைக்கு நிறையக் கொடு, நீ ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்.

அம்மா