பட்டிப்பளை ஆற்றைக் காட்டப் போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகன்,

உயர்தரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, சிங்களத்தில் கல் ஓயா என்கிற நம்முடைய பட்டிப்பளை ஆற்றை மலையிலிருந்து கடல் வரைக்கும் காட்டப் போகிறீர்கள் என்று அறிந்து சந்தோசம். நீங்கள் அனுப்பிய வரைபடத்தையும் பார்த்தேன். பதுளைக்குக் கிழக்கே தொடங்கி ஒலுவில் பக்கம் கடலில் முடிகிற ஒரே நீலக்கோடு. இங்கினியாகலை அணைக்கட்டு வரைக்கும் அந்தக் கோடு சரி. அதற்குக் கீழே அது பழைய ஆறு. 1949க்கு முந்தியது.

மேல்பக்கத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். மொத்தம் 108 கிலோமீற்றர் நீளம். நில்கலைக் காடு வழியாக இறங்கி, இங்கினியாகலை அணைக்கட்டு மறித்து வைத்திருக்கும் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் விழுகிறது. அங்கே படகில் ஏறி யானை பார்க்கப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். ஏற்றினால் பாதி நாள் போய்விடும், பிறகு உங்கள் பாடு.

அணைக்கட்டில் நின்று கதை சொல்லுங்கள். கல் ஓயா அபிவிருத்திச் சபை 1949இல் உருவானது. கட்டியது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. குளம் முட்ட நிறைந்தால் 770,000 ஏக்கர் அடித் தண்ணீர், அதாவது அத்தனை ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கிற தண்ணீர். அது மூடிய காட்டில் வேடர்கள் வேட்டையாடித் திரிந்தார்கள், அவர்கள் இடம்பெயர வேண்டி வந்தது. வெளியிலிருந்து வந்தவர்களுக்குக் காணி கொடுத்துக் குடியேற்றினார்கள். 1956 ஜூனில் அதே பள்ளத்தாக்கில் சிங்களக் கும்பல்கள் தமிழர்களை வெட்டின. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. பாடப்புத்தகம் இவற்றைத் தனித்தனி அத்தியாயத்தில் வைக்கும். நீங்கள் அணைக்கட்டில் வைத்து ஒன்றாகச் சொல்லுங்கள்.

அதற்காக, வேளாண்மையும் குளமும் 1949இல்தான் வந்தது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அம்பாறைக்குப் பக்கத்தில் கொண்டவட்டுவானில் பத்தாம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. உழவு சம்பந்தமான குற்றங்களுக்குத் தண்டம் எழுதி வைத்திருக்கிறது. இப்போது போகத்துக்கு முந்திய கூட்டத்தில் நாங்கள் சத்தம் போடுவதும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

சரி, ஆற்றுக்கு வருவோம். அணைக்குக் கீழே தண்ணீர் மூன்று பக்கம் பிரிகிறது: இடதுகரை, வலதுகரை, நடுவே ஆற்றுப் பிரிவு. இடதுகரை வாய்க்காலில் போகிற தண்ணீர் குளங்களை நிரப்பி, வயல்களில் நின்று, மிச்சம் வடிச்சலாக வடக்கே மட்டக்களப்பு வாவிக்குப் போகிறது. அங்கிருந்து பெரியகல்லாற்றிலோ பாலமீன்மடுவிலோதான் அதற்குக் கடல். மலையில் ஒன்றாகப் பெய்த மழைதான், கடலைக் காணும்போது பல மைல் தள்ளித் தள்ளிக் காண்கிறது. கடலுக்குக் கிட்ட, களியோடைப் பாலத்துக்குக் கீழே நீங்கள் பார்க்கப் போகும் தண்ணீரிலும் பெரும்பங்கு ஏதோ ஒரு வயலுக்குள் இருந்து வடிந்ததுதான். மாரியில் வான்கதவு திறந்தால் கதை வேறு.

ஆகவே ஆறு எங்கே போகிறது என்று பிள்ளைகள் கேட்டால், துருசை, அதாவது தண்ணீர் விடும் மதகைத் திறக்கிறவர் விட்ட பக்கம் போகிறது என்று சொல்லுங்கள். ஆறு செத்துப்போச்சு என்று புலம்புகிறவர்களும் இருக்கிறார்கள், திட்டத்தைத் தலையில் வைத்து ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கூட்டமும் வாய்க்காலின் கடைசி வயலில் நின்று பார்த்ததில்லை என்பது என் எண்ணம்.

இடதுகரையில் மேல்பக்கம் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றங்கள், கடைசிப் பக்கம் தமிழ் ஆட்கள். மேலே உள்ளவர் மடையை இழுத்து மூடாவிட்டால் கீழே நாற்றுக் கருகும். 1981 சிறுபோகம், அதாவது வெயில் காலத்து வேளாண்மை தொடங்கும்போது சமுத்திரத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. அந்த வருசம்தான் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இங்கத்தைய விவசாய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் சேர்ந்து, இளைஞர்களை வாய்க்கால் வாய்க்காலாக அனுப்பி விவசாயிகளைக் கூட்டிப் பேச வைத்தன. இருக்கிற தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சினார்கள், வாய்க்காலைத் தாங்களே துப்புரவு செய்தார்கள், மிச்சம் பிடித்ததைக் கீழே உள்ள தமிழர் வயல்களுக்கும் விட்டார்கள். 1956இன் கதையைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றாதீர்கள். இதைச் சொல்லிவிட்டு அதை மறைப்பதும் சரியில்லை.

களியோடையில் கடைசியாக இறங்குங்கள். வெயில் காலத்தில் நம்முடைய கரையில் முகத்துவாரங்களைக் கடல் மண் போட்டு அடைத்துவிடும். மழை கொட்டி வயலில் வெள்ளம் ஏறினால் மண்ணை வெட்டி விடச் சொல்லி விவசாயி நிற்பார். வெட்டினால் ஆற்றுக்குள் உப்பு ஏறும், மீனும் வெளியே போகும் என்று மீன்பிடிக்கிறவர் மறுபக்கம் நிற்பார். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்த பிறகு அதற்கு வடக்கே கரை அரிக்கப்படுவதையும் பார்க்கலாம். கல்லைக் கடலுக்குள் நீட்டினால் ஒரு பக்கம் மண் சேரும், மறுபக்கம் அரிக்கும். புவியியல் பாடத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மார்கழி, தை வேண்டாம், வெள்ளத்தில் மாட்டிக்கொள்வீர்கள். சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடுகிற நாட்களில் வாருங்கள். வயல்களுக்குத் தண்ணீர் முறை பார்க்கும் எங்கள் வட்டைவிதானையாரிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன். துருசைத் திறக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கலாம், மனுசன் கோபித்துக்கொள்ள மாட்டார். திகதியை ஒரு கிழமைக்கு முன்னம் அறிவித்தால் மதியச் சாப்பாடு நம்முடைய வளவில்.

அன்புடன்,
மாமா