கர்ப்பிணிக்கு எதற்கு ‘உலோகம் நீக்கும்’ பொடி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனையில் 31 வருடம் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, ஐந்து மாதக் கர்ப்பிணி, ஒரு டப்பாவோடு வந்து, “அத்தை, இதைச் சாப்பிடலாமா?” என்று கேட்டாள்.

அவள் கணவர் பழைய பேட்டரி உடைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். அவர் சட்டையின் கைமடிப்பில் சாம்பல் நிறத் தூசி அப்பியிருக்கும். அதைக் கல்லில் அடித்துத் துவைப்பது இவள்தான். யாரோ சொன்னார்கள் என்று ரத்தம் பார்த்ததில் ஈயம் டெசிலிட்டருக்கு 19 மைக்ரோகிராம். பதறிப்போய் ஆன்லைனில் அந்தப் பொடியை வாங்கிவிட்டாள். கண்ணாடி போட்டுப் பார்த்தால், பொடி எழுத்தில் ‘இடிடிஏ’ என்று இருக்கிறது! உடம்பில் இருக்கும் உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் ரசாயனம் அது.

நஞ்சுக்கொடி நஞ்சைத் தடுத்துவிடும் என்று அவள் நம்பியிருந்தாள். ஈயத்தை அது தடுப்பதில்லை. தாய் ரத்தத்தில் இருக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட குழந்தைக்கும் போய்விடும். எலும்பில் வருடக்கணக்காகத் தங்கிய ஈயமும், கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது கூடவே வரும்.

சரி, மருந்து கொடுத்து வெளியேற்றலாமே என்றால், இடிடிஏ ஈயத்தை மட்டும் பிடிப்பதில்லை. குழந்தை வளரத் தேவையான துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு போய்விடும். தீவனத்தில் இடிடிஏ கலந்து கொடுத்த சினை எலிகளுக்கு ஊனமான குட்டிகள் பிறந்தன. துத்தநாகத்தைக் கூடுதலாகச் சேர்த்துக் கொடுத்தபோது அந்த ஊனம் வரவில்லை. இதே வகையைச் சேர்ந்த பெனிசிலமைன் சாப்பிட்ட தாய்மார் சிலருக்குத் தோல் தொளதொளவென்று தொங்கும் குழந்தைகள் பிறந்ததும் மருத்துவப் பதிவுகளில் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலில், ஈய அளவு 45-ஐத் தொட்டால்தான் கர்ப்பிணிக்கு இந்த வகை மருந்து பற்றிய பேச்சே வருகிறது. அதுவும் மருத்துவர் மேற்பார்வையில்தான். அளவு 5-ஐத் தொட்டாலே, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது.

அதைத்தான் செய்தோம். அவர் இப்போது பட்டறையிலேயே குளித்து, உடை மாற்றிவிட்டு வருகிறார். அவர் சட்டையை இவள் தொடுவதில்லை. சுகாதார நிலையத்தில் கொடுத்த கால்சியம் மாத்திரை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஒழுங்காகச் சாப்பிடுகிறாள்.

பேட்டரி, ஈய வேலை செய்யும் வீட்டுக் கர்ப்பிணிகளுக்காவது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்த ஈயப் பரிசோதனை செய்ய வேண்டும். இந்த டப்பாக்களில் ‘கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது’ என்று பெரிய எழுத்தில், தமிழில் அச்சிடவும் அரசு உத்தரவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
விருதுநகர்.