ஃபிங்கர்போஸ்ட் வீட்டுக் கணக்கு

கூடலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஃபோனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஹாஸ்டலை விட்டு நாலு பேராக ஊட்டி ஃபிங்கர்போஸ்ட் பக்கம் வீடு எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வாடகையை நாலாகப் பிரித்தால் ஹாஸ்டலைவிடக் குறைவு என்று கணக்குப் போட்டு அனுப்பியிருந்தாய். பார்த்தேன். அதில் ஈபி இல்லை, கேஸ் இல்லை, தண்ணீர் லாரி இல்லை, நெட் இல்லை. வாடகையை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது கண்ணு.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். பில் வந்த பிறகு யாரிடமும் போய்ப் பணம் கேட்கிற நிலைமையில் நீ நிற்கக் கூடாது. பில் வருவதற்கு முன்பே பணம் ஓரிடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். உன் சுபாவம் எனக்குத் தெரியும். நாலு பேர் டீ குடித்தால் காசை நீ கொடுத்துவிட்டு "அப்புறம் தாங்க" என்பாய். அவர்கள் மறந்துவிடுவார்கள். நீ மறக்கவும் மாட்டாய், கேட்கவும் மாட்டாய். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவாய். எதற்கென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் மகளிர் குழு எப்படி நடக்கிறது என்று நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். கூட்டத்தன்று பாய் விரித்ததும் முதல் வேலை சேமிப்புப் பணம். ஊர்ப் பேச்சு, டீ, யாருக்குக் கடன் வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஒவ்வொருத்தியும் பணத்தைப் பாயின் நடுவில் வைப்பாள். ஒருத்தி எண்ணுவாள், இன்னொருத்தி எழுதுவாள், எழுதியதை மூன்றாமவள் சத்தமாக வாசிப்பாள். எண்ணுகிற கையும் எழுதுகிற கையும் ஒன்றாக இருக்காது. பணம் கொண்டுவராதவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவள்தான் முதல் ஆளாக வந்து உட்காருவாள். அவள் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டிருந்தால் குழுவை விட்டே போயிருப்பாள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். மாதம் 5-ஆம் தேதிக்குள் நாலு பேரும் ஒரே தொகையை ஒருத்தி கணக்குக்கு அனுப்பிவிட வேண்டும். அந்தத் தேனிப் பெண் பொறுமைசாலி என்கிறாயே, பணம் அவளிடம் இருக்கட்டும். கட்டுவதும் எழுதுவதும் நீ. சமையலறை ஆணியில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடு. வாட்ஸ்அப்பில் வீட்டுக்கென்று தனியாக ஒரு குழு தொடங்கி, அதில் பில் படமும் கட்டிய ரசீதும் மட்டும் போடுங்கள், வேறு அரட்டை வேண்டாம். இதற்கெல்லாம் ஆப் இருக்கிறது என்பாய். வைத்துக்கொள். ஆனால் எவ்வளவு பாக்கி என்பதைத்தான் ஆப் சொல்லும், பணத்தை முன்கூட்டியே கொண்டுவந்து தராது.

ஈபி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படி. ஊட்டியில் அதுதான் பெரிய செலவு. முதலில் வீட்டுக்காரம்மாவிடம் உங்களுக்குத் தனி மீட்டரா என்று கேள். ஒரே மீட்டரில் கீழ்வீடும் மேல்வீடும் ஓடினால், சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர்களே ஒரு விலை சொல்வார்கள். அப்போது அரசு தருகிற முதல் 100 யூனிட் இலவசம் உங்கள் கைக்கு வந்து சேராது. இன்னொன்று, ஊட்டியில் பல வீடுகள் ஒரு காலத்தில் டூரிஸ்ட்டுக்கு விட்டவை. லைன் இன்னும் கமர்ஷியலாகவே இருந்தால் இலவச யூனிட்டும் கிடையாது, விலையும் கூடுதல். ஈபி அட்டையை வாங்கி, எந்த டாரிஃப் என்று போட்டிருக்கிறது பார். அட்டையில் உள்ள இணைப்பு எண்ணை ஃபோனில் போட்டால் பழைய பாக்கி இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

சாவி வாங்குகிற அன்றைக்கே மீட்டரைப் படம் எடு. அதில் எண்கள் மாறி மாறி வரும், தேதி வரும், நேரம் வரும், என்னென்னவோ வரும். கேடபிள்யூஎச் என்ற எழுத்தோடு வருகிற எண்தான் ரீடிங். அது வரும்வரை நின்று எடு. அந்த எண்ணை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி, வீட்டுக்காரம்மாவிடம் கையெழுத்து வாங்கு. நம் ஊரில் கணக்கெடுப்பது 2 மாதத்துக்கு ஒருமுறை. நடுவில் குடிபோனால் முன்பு இருந்தவர்கள் எரித்ததும் உங்கள் பில்லில்தான் வந்து விழும்.

இப்போது ஹீட்டருக்கு வருகிறேன். 2,000 வாட் ரூம் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். ராத்திரி 3 மணி நேரம் ஓட்டினால் நாளைக்கு 6, இரண்டு மாதத்தில் 360. கீசரில் நாலு பேர் குளித்தால் நாளைக்கு 2, 3 யூனிட் போய்விடும், அது ஒரு 150. லைட்டு, மிக்ஸி, சார்ஜர் எதுவுமே சேர்க்காமல் 500 தாண்டிவிட்டது பார். இந்த 500-தான் ஆபத்தான கோடு. 2024 ஜூலையில் ஏறிய கட்டணப்படி 500 யூனிட்டுக்குச் சுமார் 1,800 ரூபாய். 510 யூனிட் ஆனால் 2,100-ஐத் தாண்டும். பத்தே யூனிட்டுக்கு 300 ரூபாய்க்கு மேல் ஏன் என்றால், 500 தாண்டியதும் 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்குத் தருகிற சலுகை விலையையும் எடுத்துவிடுகிறார்கள், மேலே உள்ளதற்கும் விலை கூடுகிறது. அதனால் கணக்கெடுத்து ஒரு மாதம் ஆனதும் நீயே மீட்டரைப் பார்த்து நோட்டில் குறி. 250-க்கு மேல் போயிருந்தால் அடுத்த மாதம் கையைப் பிடித்துச் செலவழிக்கலாம்.

சேலத்துப் பிள்ளைக்குக் குளிர் தாங்காது, தன் அறைக்கு ஹீட்டர் வாங்கப் போகிறாள் என்றாய். வாங்கட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காந்தலிலும் தலைக்குந்தாவிலும் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கிற ஊர் அது. சமவெளியிலிருந்து வந்த பிள்ளை என்ன செய்யும்? ஆனால் ஒரு அறையில் ஓடுகிற ஹீட்டருக்கு நாலு பேர் பங்கு கொடுத்தால் மூன்றாவது பில்லில் சண்டை வரும். ஒன்று, ஹீட்டரை ஹாலில் வைத்து எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். இல்லையென்றால் அவள் ஓட்டிய மணியை எழுதி வைத்து அந்த யூனிட்டை அவளே கொடுக்கட்டும். எனக்கு ஹால்தான் சரி என்று படுகிறது. அவளை மட்டும் மணிக்கணக்கு எழுத வைப்பது பார்க்க நன்றாக இருக்காது.

கரண்ட்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று கரி அடுப்பை மட்டும் அறைக்குள் கொண்டுவராதே. யார் சொன்னாலும் கேட்காதே. கதவு ஜன்னலை அடைத்துக் கரியைக் கனலவிட்டுத் தூங்கினவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கிறது. அந்த நச்சுக் காற்றுக்கு வாசனை கிடையாது. கேஸ் கீசர் வைத்த குளியலறையானாலும் இதேதான், காற்றுப் போக வழி இருக்கிறதா என்று பார். ஈபி பில் எவ்வளவு வந்தாலும் நான் கட்டுகிறேன், இது வேண்டாம்.

ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். மெசேஜ் வீட்டுக்காரம்மா நம்பருக்குப் போகும். அவர் பார்த்து உனக்குச் சொல்வார் என்று உட்கார்ந்திருக்காதே, இணைப்பு எண்ணை வைத்து நீயே பார். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் திரும்பக் கொடுக்கத் தனிக் கட்டணம், ஊட்டிக் குளிரில் ஒரு ராத்திரி இருட்டு வேறு.

கேஸுக்குப் பெரிய சிலிண்டர் இணைப்பு வாங்க முகவரிச் சான்று, டெபாசிட் என்று அலைய வேண்டும். ஒன்றிரண்டு வருஷத்துக்கு அது வேண்டாம். 5 கிலோ சிலிண்டர் அடையாள அட்டையைக் காட்டினாலே தருவார்கள், இண்டேனில் அதைச் சோட்டு என்கிறார்கள். காலைக் குளிரில் சிலிண்டர் தீரப் போகிற சமயம் தீ சோர்ந்து எரியும். உள்ளே கேஸ் இருந்தாலும் குளிரில் ஆவியாகிச் சரியாக மேலே வராது. அதற்காகச் சிலிண்டரைச் சூடுபண்ணுகிற வேலை வேண்டாம், வெயில் ஏறியதும் தானே சரியாகிவிடும்.

நகராட்சித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, தொட்டி எவ்வளவு பெரிது என்று அக்கம்பக்கத்தில் விசாரி, வீட்டுக்காரம்மாவிடம் அல்ல. தண்ணீர் வரி அவர்களுடையது. பிப்ரவரிக்குப் பிறகு லாரி கூப்பிட நேர்ந்தால் அந்தக் காசு யாருடையது என்பதை இப்போதே பேசிவிடு.

நெட் ஒருத்தி பெயரில்தான் வரும். அந்த ஒருத்தி யாரானாலும் சரி, டெபாசிட்டையும் பெட்டியையும் நாலு பேர் பொதுச் சொத்தாக நோட்டில் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கட்டாயம் என்று திட்டம் இருந்தால் மே மாத விடுமுறைக்கும் சேர்த்துத்தான் காசு போகும்.

அடுத்த தகராறு எங்கே வரும் என்று சொல்லட்டுமா? நீங்கள் வனவிலங்கு படிக்கிறவர்கள். ஒருத்தி களப்பணிக்கு முதுமலைக்குப் பத்து நாள் போவாள். வந்து, "நான் வீட்டிலேயே இல்லையே, நான் ஏன் ஈபி கொடுக்கணும்?" என்பாள். அவள் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனாலும் நாள் எண்ண ஆரம்பித்தால் முடிவே கிடையாது. வாடகையும் நெட்டும் எப்போதும் நாலு பங்கு. ஈபி, கேஸ், தண்ணீர் மூன்றுக்கும், சேர்ந்தாற்போல் 15 நாளுக்கு மேல் இல்லாவிட்டால் மட்டும் அந்த மாதம் பாதி. அதற்குக் குறைவாக இருந்தால் பேச்சே இல்லை. ஒருத்தி தங்கச்சியைக் கூட்டிவந்து ஒரு வாரம் வைத்துக்கொண்டால் அதையும் கணக்குப் பார்க்காதீர்கள். நாளைக்கு நானே வந்து உன்னோடு தங்குவேன்.

நடு வருஷத்தில் யாராவது காலி செய்தால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், அல்லது தன் இடத்துக்கு ஆள் கொண்டுவர வேண்டும். இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் தீர்மானப் புத்தகம் மாதிரிதான், சிரிக்காதே.

ஒப்பந்தத்தில் நாலு பேர் பெயரும் இருக்க வேண்டும், உன் பெயர் மட்டும் கூடாது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. கொடுக்கிற பணத்துக்கு ரசீது வாங்கு. ஏப்ரல், மே சீசனுக்கு வீட்டைக் காலி செய்து தரச் சொல்வார்களா என்பதையும் வாய்விட்டுக் கேள். சிரித்து மழுப்பினால் வேறு வீடு பார்.

மீட்டர் தனியா, லைன் எது என்று விசாரித்து, இந்தக் கடிதம் கிடைத்த அன்று ராத்திரிக்குள் மெசேஜ் போடு. உன் பங்கு அட்வான்ஸை எடுத்து வைத்திருக்கிறேன், அதைப் பார்த்த பிறகுதான் அனுப்புவேன்.

அன்புடன்,
அம்மா