இரட்டையருக்கு ஒரே அறிக்கை: மழலையர் பள்ளி நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
யு.கே.ஜி. பயிலும் இரட்டையரின் தாய்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
மழலையர் பள்ளிக் குழுமத் தலைமை அலுவலகம்,
சென்னை.

பொருள்: யு.கே.ஜி. முதல் பருவ முன்னேற்ற அறிக்கை – என் மகனுக்கும் மகளுக்கும் சொல் மாறாமல் ஒரே மதிப்புரை வழங்கப்பட்டமை – அவற்றைத் திரும்பப் பெற்று, வகுப்பாசிரியர்கள் எழுதும் அறிக்கையை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் கோயம்புத்தூர்க் கிளையில் என் மகனும் மகளும் யு.கே.ஜி. பயில்கின்றனர். இரட்டையராயினும் இருவேறு பிரிவுகளில், இருவேறு ஆசிரியைகளிடம் படிக்கின்றனர். முதல் பருவம் முடிந்ததும் தங்கள் செயலி வழியாக இருவருக்கும் தனித்தனியே முன்னேற்ற அறிக்கை வந்தது. வண்ணப் படங்களும் நட்சத்திரங்களுமாகப் பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டையும் அச்செடுத்து அருகருகே வைத்துப் படித்தபோது, பெயர், பிரிவு, புகைப்படம் ஆகியவை நீங்கலாக, மொழி, எண், உடலியக்கம், பழகும் விதம் என எல்லாத் தலைப்புகளின் கீழும் ஒரே வாக்கியங்கள், ஒரே வரிசையில், நிறுத்தக்குறிகூட மாறாமல் இருப்பதைக் கண்டேன்.

ஆங்கிலத்தில் உள்ள அந்த வாக்கியங்களின் பொருள் இதுதான்: தன் கருத்துகளைத் தடையின்றியும் தன்னம்பிக்கையுடனும் வெளிப்படுத்துகிறார், கதை நேரத்தில் ஆர்வத்துடன் பங்கேற்கிறார், கத்தரிக்கோலை நன்கு கையாள்கிறார், கோடுகளுக்குள் நேர்த்தியாக வண்ணம் தீட்டுகிறார், பொருள்களை மற்றவர்களுடன் பகிர்ந்துகொள்கிறார், இதே முயற்சி தொடரட்டும். மளிகைக் கடை ரசீதில்கூட நான் வாங்கிய பொருள்தான் அச்சாகியிருக்கும். இந்த அறிக்கையை எந்தக் குழந்தையின் பெயரில் வேண்டுமானாலும் அச்சிடலாம்.

என் பிள்ளைகள் இருவரும் ஒருவருக்கொருவர் நேர்மாறானவர்கள். மகள் இடக்கைப் பழக்கம் உள்ளவள். பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள். வண்ணம் தீட்டச் சொன்னால் கோட்டுக்குள் மட்டுமல்ல, தாளுக்குள்ளும் அவள் கை நிற்பதில்லை. மகன் நிதானமானவன், கட்டைகளை அடுக்கத் தொடங்கினால் சாப்பிட அழைத்தாலும் எழுந்து வரமாட்டான். கடந்த கோடை விடுமுறையின்போது அவனுக்குப் பேச்சில் திக்கல் தொடங்கியது. சொல்லின் முதல் ஒலியையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். சில வேளைகளில் வாய் திறந்தபடி இருக்கிறது, குரல் எழுவதில்லை.

குழந்தைகள் நல மருத்துவரின் ஆலோசனைப்படி அவனைப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் அழைத்துச் செல்கிறோம். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் திக்கல் தொடங்குவது பரவலாகக் காணப்படுவதே என்றும், ஆண் குழந்தைகளிடம் அது கூடுதல் என்றும், பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானே நீங்கிவிடும் என்றும் அவர் விளக்கினார். ஆயினும் யாருக்கு நீங்கும், யாருக்கு நீடிக்கும் என்பதைக் கணிக்க, குழந்தை வீட்டுக்கு வெளியே எப்படிப் பேசுகிறான் என்பது தமக்குத் தெரிய வேண்டும் என்றார். வகுப்பில் கேள்வி கேட்டால் பேச்சைத் தவிர்க்கிறானா, பாடும்போது சொற்கள் தடையின்றி வருகின்றனவா, மற்றப் பிள்ளைகள் கேலி செய்கிறார்களா என்றெல்லாம் கேட்டுவிட்டுப் பள்ளி அறிக்கையைக் கொண்டுவரச் சொன்னார். நான் கொண்டுபோய்க் கொடுத்த அறிக்கையின் முதல் வரி, அவன் தடையின்றியும் தன்னம்பிக்கையுடனும் பேசுகிறான் என்றது. அவர் அதற்கு மேல் படிக்காமல், வகுப்பாசிரியரை நேரில் பார்த்துக் கேட்டு வாருங்கள் என்றார்.

நான் இக்கடிதத்தை எழுதக் காரணமாக அமைந்தது அடுத்து நடந்ததுதான். மறுநாளே பள்ளி வாசலில் வகுப்பு மிஸ்ஸைச் சந்தித்துக் கேட்டேன். அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. வருகைப் பதிவின்போது பெயரை அழைத்தால் அவன் பதில் சொல்லாமல் கையை மட்டும் உயர்த்துகிறான் என்றும், பாட்டு நேரத்தில் ஒரு சொல்கூடத் தடைப்படுவதில்லை என்றும், திங்கட்கிழமைகளில் திக்கல் கூடுதலாக இருப்பதாகத் தமக்குத் தோன்றுகிறது என்றும், ஒரு சிறுவன் அவனைப் போலப் பேசிக்காட்டியதைத் தாம் கண்டித்ததாகவும் வரிசையாகச் சொன்னார். பேச்சுப் பயிற்சியாளர் கேட்ட அத்தனை கேள்விகளுக்கும் விடை அந்த ஆசிரியையிடம் இருந்தது. அவற்றுள் ஒன்றுக்குக்கூடத் தங்கள் அறிக்கையில் இடம் இல்லை.

இடம் ஏன் இல்லை என்பதை விசாரித்து அறிந்தேன். (யாரிடம் விசாரித்தேன் என்று கேட்டுக் கிளைக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம், தங்கள் செயலியைத் திறந்து பார்த்தாலே இவை அனைத்தும் தெரியும்.) ஒவ்வொரு தலைப்புக்கும் ஆசிரியர் ஒரு நிலையைத் தேர்ந்தெடுக்கிறார், அந்த நிலைக்கெனத் தலைமை அலுவலகத்தில் எழுதி வைக்கப்பட்ட வாக்கியம் தானாக வந்து அமர்கிறது. சொந்தமாக எழுதுவதற்குக் கட்டமே கிடையாது. எல்லாத் தலைப்புகளிலும் மிக உயர்ந்த நிலையே முன்கூட்டித் தேர்வாகி நிற்கிறது. அதைக் குறைக்க வேண்டுமானால் ஆசிரியர் தனியே விளக்கம் எழுதிக் கிளைப் பொறுப்பாளரின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஒரு வகுப்பு முழுவதற்கும் இரண்டே நாள்களில் அறிக்கைகளை முடிக்கச் சொன்னால், எந்த ஆசிரியரும் எதையும் மாற்றாமல் அனுப்பத்தான் செய்வார். ஆகவே இதில் ஆசிரியைகள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. பிள்ளையைப் பற்றிப் புகழுரை மட்டும் வந்தால் பெற்றோர் அடுத்த ஆண்டுச் சேர்க்கையைத் தவறாமல் புதுப்பிப்பார்கள் என்ற வணிகக் கணக்கு இந்த வடிவமைப்பில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

இதே கிளையில் சென்ற ஆண்டு, இந்தச் செயலி வருவதற்கு முன், எல்.கே.ஜி. ஆசிரியை ஓர் அட்டையில் தம் கைப்பட எழுதிய குறிப்பு இன்னும் என்னிடம் உள்ளது. என் மகள் காகிதம் வெட்டும்போது எரிச்சலடைவதாகவும், அவளுக்கு ஆர்வக் குறைவு இல்லை, வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடிப்பதே காரணம் என்றும், இடக்கைக்காரர்களுக்கான கத்தரிக்கோல் ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்பும்படியும் அதில் எழுதியிருந்தார். வாங்கிக் கொடுத்தோம், இப்போது அவள் வீட்டில் செய்தித்தாள் எதையும் மிச்சம் வைப்பதில்லை. அதில் நட்சத்திரமும் இல்லை, பாராட்டும் இல்லை. எழுத்தும் சற்றுக் கோணல்தான். ஆனாலும் அதன் மூன்று வரிகளால் நாங்கள் அடைந்த பயனில் சிறு பங்கைக்கூட இந்த ஆண்டு வந்த பல பக்க அறிக்கை தரவில்லை.

தங்கள் விளக்கக் கையேட்டில் இரண்டு கூற்றுகள் பெரிய எழுத்தில் உள்ளன. ஒன்று, தங்கள் பாடத்திட்டம் அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தைப் பின்பற்றுகிறது என்பது. 2022 அக்டோபரில் வெளியான அந்தச் சட்டகம், மூன்று முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளைத் தேர்வு வைத்து மதிப்பிடுவது பொருந்தாது என்றும், குழந்தையை உற்றுநோக்குவதும் அக்குழந்தை உருவாக்கியவற்றை ஆராய்வதுமே உரிய வழிகள் என்றும் கூறுகிறது. உற்றுநோக்கல் தங்கள் வகுப்பறையில் நடக்கத்தான் செய்கிறது. அதன் விளைவைத் தங்கள் செயலிதான் பெற்றோரிடம் சேரவிடாமல் தடுக்கிறது. மற்றொன்று, தாங்கள் மாண்டிசோரி வழியில் நடப்பதாகச் சொல்வது. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். ஒவ்வொரு குழந்தையையும் பொறுமையாகக் கவனித்துக் குறிப்பெடுப்பதை ஆசிரியரின் முதற்பணியாக வைத்தவர் அவர். அவருடைய படத்தை வரவேற்பறையில் மாட்டியிருக்கும் நிறுவனம், கவனித்ததை எழுதுவதற்கு ஆசிரியருக்கு ஒரு வரிகூட இடம் தராதது எனக்கு விளங்கவில்லை.

ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு ஒரே சீரான அளவுகோல் தேவை என்று தாங்கள் விடையளிக்கக்கூடும். நிலைகள் வகுப்பதை நான் எதிர்க்கவில்லை. என் நாத்தனார் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை; 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின்கீழ் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தே கற்பிக்கிறார். செயலியில் பதிவேற்றும் வேலை தம் நேரத்தைத் தின்கிறது என்று அவரும் குறைபட்டுக்கொள்வதுண்டு. ஆனால் அங்கே எல்லாக் குழந்தைகளும் முதல் நாளிலேயே மலராகிவிடுவதில்லை. ஒரு குழந்தை எதில் பின்தங்கியிருக்கிறது என்பதை அறிந்து அதற்கேற்பக் கற்பிப்பதற்காகத்தான் அந்தப் பிரிவினை. தங்கள் அளவுகோல் எதையும் அளப்பதில்லை.

இதைக் கிளைப் பொறுப்பாளரிடம் நேரில் தெரிவித்தபோது, எல்லாப் பிள்ளைகளும் நன்றாகச் செய்கிறார்கள் என்றால் சந்தோஷம்தானே மேடம் என்றார். வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியமானது என்ற பதில் உடனே வந்தது. அதன் பின் எதுவும் வரவில்லை. ஆண்டுக் கட்டணத்தில் மதிப்பீட்டுக்கும் செயலிக்கும் என்று தனியே ஒரு தொகையை இரு குழந்தைகளுக்கும் செலுத்தியிருக்கிறேன் என்பதால், எதற்காகச் செலுத்தினேன் என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டு.

எனவே, என் பிள்ளைகள் இருவரின் முதல் பருவ அறிக்கைகளையும் திரும்பப் பெற்று, அவரவர் வகுப்பாசிரியை தம் சொற்களில் எழுதும் குறிப்பை வழங்க வேண்டுகிறேன். அது தமிழில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும், சில வரிகளே ஆனாலும் போதும். பாராட்டு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் பருவத்துக்குள் செயலியில் ஆசிரியர்கள் எழுதுவதற்கான இடத்தை ஏற்படுத்தி, உயர்ந்த நிலை முன்கூட்டித் தேர்வாகி நிற்பதை நீக்க வேண்டும். இதற்கான நேரத்தைப் பள்ளி வேலை நேரத்துக்குள்ளேயே ஆசிரியைகளுக்கு ஒதுக்கித்தர வேண்டும் என்பதையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இரவில் வீட்டிலிருந்து எழுதி அனுப்பும்படி அவர்களுக்கு ஆணை பிறப்பித்தால் இப்புகாரின் சுமை தவறானவர்கள் தலையில் விழும். இவற்றைச் செய்ய இயலாது எனில், மதிப்பீட்டுக்கென்று பெற்ற தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் மகனை அடுத்த மாத முதல் வாரத்தில் மீண்டும் பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது. வகுப்பில் அவன் பேசும் விதம் குறித்து ஆசிரியை என்னிடம் வாய்மொழியாகக் கூறியவற்றை எழுத்தில் தருவதற்குத் தலைமை அலுவலகத்தின் அனுமதி தேவை என்று கிளையில் சொல்கிறார்கள். மற்றக் கோரிக்கைகளுக்கு அவகாசம் எடுத்துக்கொண்டாலும், இந்த அனுமதியை மட்டும் இந்த வாரத்துக்குள் கிளைக்கு அனுப்பிவைக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரு குழந்தைகளின் தாய்.

இணைப்பு: இரு குழந்தைகளின் யு.கே.ஜி. முதல் பருவ அறிக்கைகள். சென்ற ஆண்டு எல்.கே.ஜி. ஆசிரியை எழுதிய குறிப்பின் நகல், கட்டண ரசீதுகள்.