பியானோ மட்டும் ஏன் நடுங்குது?

முள்ளியவளை

அன்பு மகளுக்கு,

நீ வாங்கின இசைத்தட்டில் வயலின்கள் வடிவாய்க் கேட்குது, கடைசிப் பாட்டில் பியானோ மட்டும் நடுங்குது என்று எழுதியிருந்தாய். வாசித்தவரில் பிழையில்லை, பிள்ளை. வயலின்காரர் கம்பியில் விரலை ஆட்டித்தான் வாசிப்பினம். பல வயலின் சேர்ந்தால் சுருதி கொஞ்சம் அசைவது தெரியாது. பியானோவில் சுத்தியல் கம்பியில் அடித்த பிறகு சுருதியை ஒருவராலும் அசைக்க ஏலாது. தட்டின் குறை முதலில் அதில்தான் காதில் படும்.

தட்டு சுற்றுவது நிமிடத்துக்கு 33⅓ சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 செக்கன். நடுக்கமும் அந்தக் கணக்கில் வந்து வந்து போகுதா என்று பார். பிறகு ஊசியைத் தாங்குகிற கையைக் கிட்ட நின்று கவனி. மேலும் கீழும் ஏறி இறங்கினால் தட்டு நெளிந்திருக்கு. பக்கவாட்டில் ஆடினால் நடுத்துளை விலகியிருக்கு. 1 மில்லிமீற்றர் விலகல் வெளி விளிம்பில் சுருதியை ஏறத்தாழ 0.7 வீதம் ஆட்டும், உள்ளே 1.6 வீதம். கடைசிப் பாட்டு ஆக உள்ளே இருக்கு, அதில் தெரிவது அதனால்தான்.

கை ஆக வெளியே போகிற நேரம் ஊசிக்கு நேரே லேபலில் பென்சிலால் குறி. துளையில் அந்தக் குறிப்பக்க விளிம்பை மட்டும், சுருட்டின மெல்லிய சாண்ட் பேப்பரால் மெதுவாய்த் தேய். தூளைத் துடைத்து, குறிப் பக்கத்தை நடுவை நோக்கித் தள்ளி வைத்துச் சுழலவிடு. கை ஆடாமல் நின்றால் போதும், அதற்குமேல் தேய்க்காதே. மற்றப் பக்கத்தைத் தனியாய்ப் பார்க்க வேணும்.

நடுக்கம் போய்க் கரகரப்பு மட்டும் மிஞ்சினால் ஊசி தேய்ந்திருக்கலாம்.

தட்டைக் கணினியில் பதியும்போது 24 பிற், 48,000 ஹேர்ட்ஸ், வேவ் கோப்பு. 20 நிமிடப் பக்கம் ஏறத்தாழ 350 எம்பி வரும். உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டவிடாதே. தூசிச் சத்தத்தைத் தானாக நீக்கும் வசதியை மட்டும் போடாதே: சுத்தியல் அடியையும் தூசி என்று நினைத்து வெட்டிவிடும், பியானோ பஞ்சில் தட்டின மாதிரி ஆகிவிடும். இரண்டு காதுக்கும் ஒரே சத்தம் வருகிற மோனோவாகவும் மாற்றாதே. பியானோக்காரர் ரொனி ஓல்ட்றிச்சின் தட்டுகளில் ஒரு பியானோ இடக்காதில், மற்றது வலக்காதில். இரண்டும் அவரே வாசித்தவை. ஒன்றாய்க் கலந்தால் இரண்டும் கதைக்கிற அழகே போய்விடும்.

தட்டை இங்கே அனுப்பாதே, பங்குனி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நெளிந்துபோகும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரேக்க பதிந்ததைப் பென் ட்ரைவில் போட்டுக் கொண்டுவா.

அப்பா