பத்து மைல் வேகமும் ஐந்து டேங்கர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள் தடம் புரள்கின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எண்ணிக்கை சரிதான். ஆனால் 2023 பிப்ரவரியில் ஒஹாயோ மாநிலத்து ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற ஊரில் சரக்கு ரயில் தடம் புரண்டதையும், சின்னக் கம்பெனிகளின் கிளைப் பாதைகளில் நடப்பதையும் கட்டுரையாளர் ஒரே மூட்டையில் கட்டிவிட்டார். ஈஸ்ட் பாலஸ்தீன் பாதை பெரிய கம்பெனியின் மெயின் லைன். வேகனின் பேரிங் சூடேறி அச்சு விட்டுப்போய் 38 வேகன்கள் தடத்தை விட்டு இறங்கின. அங்கே தண்டவாளத்தின் மேல் பழி இல்லை. கிளைப் பாதைகளின் வியாதி வேறு. அது தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளில், அதாவது மர ஸ்லீப்பர்களில், இருக்கிறது.

முப்பத்தொரு வருஷம் தெற்கு ரயில்வேயில் தண்டவாளத்தோடு கிடந்தவன் நான். இப்போது ஆறு மாதமாக இந்தியானாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். தெருக்கோடியில் ஒரு லெவல் கிராசிங். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு குட்டிக் கம்பெனியின் சரக்கு ரயில் மக்காச்சோளக் கிடங்குக்குப் போய்வரும். கம்பெனி பெயர் வேண்டாம். இதுபோல் நாடு முழுக்க அறுநூறு வரை இருக்கின்றன. ரயில்வே நிலத்தில் கால் வைப்பது இங்கே குற்றம் என்பதால் கிராசிங் ஓரத்தில் நின்றபடி எட்டிப் பார்ப்பேன். தண்டவாளத்தின் பக்கவாட்டில் எழுத்து புடைத்திருந்தது: எடை கெஜத்துக்கு 85 பவுண்டு, வருஷம் 1917, பக்கத்தில் ஐந்து கோடுகள். கோட்டை எண்ணினால் மாதம் தெரியும், மே. குடைக்கம்பியை ஒரு கட்டையில் ஊன்றினேன். டீயில் நனைத்த ரஸ்க்கில் இறங்குவதுபோல் இறங்கியது. "அப்பா, இது உங்க செக்‌ஷன் இல்லை, வாங்க" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

மார்ச் மாத மழைக்குப் பிறகு ஒரு காலையில் கிராசிங்குக்கு அப்பால் உள்ள வளைவில் லோக்கோ இறங்கிவிட்டது. முன்பக்கத்து இரண்டு அச்சுகளும் தண்டவாளங்களுக்கு நடுவே விழுந்து, சேற்றில் முட்டிபோட்ட எருமை மாதிரி நின்றது. வேகம் மணிக்கு எட்டு மைல் இருந்திருக்கும். யாருக்கும் அடியில்லை. டிரைவர் இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார், போன் போட்டார். முகத்தில் அதிர்ச்சி இல்லை, அலுப்புதான். ஜாக் வைத்துத் தூக்கி, கட்டை அடுக்கி, விரிந்த தண்டவாளத்தை உள்ளே இழுத்து இரண்டு தண்டவாளங்களையும் இழுத்துப் பிடிக்கும் கேஜ் ராட் என்ற கம்பியை மாட்டி, பின்னாலிருந்து இன்னொரு லோக்கோவால் இழுத்தார்கள். சாயங்காலத்துக்குள் ஆயிற்று. சேதம் சுமார் 12,000 டாலரைத் தாண்டினால்தான் விபத்து என்று இந்நாட்டு மத்திய அரசின் ரயில்வே நிர்வாகத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். அன்றையது தாண்டியிருக்காது. எனவே உங்கள் கட்டுரையின் ஆயிரத்தில் இது சேராது.

என்ன நடந்தது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. மரக்கட்டை இற்றுப்போனால் ஆணிக்குப் பிடிமானம் போய்விடும். வளைவில் லோக்கோ வெளித் தண்டவாளத்தை நெட்டும்போது அது மெல்ல விலகிக் கொடுக்கும், உள்பக்கச் சக்கரம் பொத்தென்று நடுவில் விழும். அதனால்தான் இந்தக் கம்பெனிகள் ஆறு அச்சு லோக்கோவைத் தொடாமல் நாலு அச்சு லோக்கோவாகத் தேடி வாங்குகின்றன. வளைவை அது குறைவாக நெட்டும். ஆனால் பின்னால் வருகிற வேகன் ஒவ்வொன்றும் நிறை பாரத்தில் 2,86,000 பவுண்டு, ஏறக்குறைய 130 டன். அச்சுக்கு 32 டன். நம் ஊர்க் கணக்கில் அந்தத் தண்டவாளம் மீட்டருக்கு 42 கிலோ! நாம் 60 கிலோ தண்டவாளம் போட்டு, கான்கிரீட் ஸ்லீப்பர் வைத்து, 22.9 டன் அச்சுக்கே, பாதையைப் பார்வையிடும் கீமேனைத் தினமும் நடக்க வைக்கிறோம். இங்கே வாரம் ஒரு முறை தண்டவாளத்தில் ஓடும் பிக்கப் வண்டியில் பார்த்துவிட்டுப் போனால் சட்டத்துக்குப் போதும்.

சட்டம் சொல்வதைக் கேளுங்கள். 39 அடி நீளத்தில் இருபத்துநாலு கட்டை வரும். முதல் வகுப்புப் பாதைக்கு, நேர்ப் பாதையானால், அதில் ஐந்து நன்றாக இருந்தால் போதும். (இங்கே எண் ஏற ஏறத்தான் தரம் ஏறும், முதல் வகுப்பு என்பது ஏமாற்றும் பெயர்.) அதற்கும் கீழே 'எக்ஸெப்டட்', அதாவது விதிவிலக்குப் பெற்ற பாதை என்று ஒன்று, 1982 முதல் இருக்கிறது. அதற்குக் கட்டைக் கணக்கே கிடையாது. கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவிலுள்ள அகலம், 4 அடி 10¼ அங்குலம் வரை விரியலாம். சரியான அளவு 4 அடி 8½. விரிந்த அந்த அளவுக்கு மேல் இன்னும் இரண்டு அங்குலம்கூட வேண்டாம், சக்கரம் விழுந்துவிடும். பதிலுக்கு ஒரே நிபந்தனை மாதிரி எல்லாரும் சொல்வது, மணிக்கு 10 மைலுக்கு மேல் போகாதே என்பதுதான்.

முதலில் எனக்கும் ரத்தம் கொதித்தது. மூடித் தொலைக்க வேண்டியதுதானே என்று மாப்பிள்ளையிடம் கத்தினேன். அவர் அந்தக் கிடங்கில் கணக்குப் பார்ப்பவர். ஒரு வேகன் சோளத்துக்கு மூன்று நான்கு லாரி வேண்டும், மாமா, என்றார். 1980-இல் ரயில் கம்பெனிகள் மேலிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்திய ஸ்டாகர்ஸ் சட்டம் வந்தபின் பெரிய கம்பெனிகள் லாபமில்லாத கிளைகளைக் கைகழுவின. அவற்றை எடுத்து ஓட்டுபவர்கள்தான் இவர்கள். வாங்கும்போதே பாதை கிழடு. பராமரிப்புச் செலவில் ஒரு பங்கை வரியில் கழிக்கிறார்கள், மைலுக்கு 3,500 டாலர் உச்சவரம்பு. 2005 முதல் இருக்கும் வரம்பு இன்னும் அப்படியே. ஒரு மைலுக்குக் கட்டைகளின் எண்ணிக்கையே மூவாயிரத்துக்கு மேல் போகும்போது இது எந்த மூலைக்கு?

ஆகவே சோளம் ஏற்றிய வண்டி எட்டு மைல் வேகத்தில் இறங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன். சோளத்தை அள்ளலாம். என் ஆட்சேபம் ஒன்றே ஒன்று. எக்ஸெப்டட் பாதையில் ஒரு ரயிலில் அபாயச் சரக்கு வேகன்கள் ஐந்து வரை போகலாம் என்று அதே விதி அனுமதிக்கிறது. பாலத்திலும் தெருவோடு போகும் இடத்திலும் மட்டும் கூடாதாம். எங்கள் கிடங்குக்கு அடுத்து உரக் கிட்டங்கி இருக்கிறது. விதைப்புக் காலத்தில் அங்கே அமோனியா டேங்கர்கள் வருகின்றன. பாலம் வேண்டாம், தெரு வேண்டாம். பள்ளிக்கூடத்து வேலியை ஒட்டி வருகிற வளைவு பரவாயில்லையா? ஐந்து என்ற எண்ணை எடுத்துவிட்டுச் சுழியம் என்று எழுத வேண்டும். டேங்கர் வரவேண்டுமானால் கட்டையை மாற்றட்டும், அதற்கான மானியத்தைக் கேட்கட்டும்.

இறங்கிய வளைவில் மறுவாரம் ஆட்கள் வந்து கட்டை மாற்றினார்கள். கிராசிங்கிலிருந்தே எண்ணினேன், பதினொன்று. புதுக்கட்டை கன்னங்கரேலென்று தெரிகிறது. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பழைய சாம்பல் நிறம்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பி.டபிள்யூ.ஐ. (ரயில் பாதை ஆய்வாளர்),
விருதுநகர் (தற்போது இந்தியானா)