அந்தப் பந்தை அவர் விட்டிருக்க வேண்டுமா? கால்பந்து விதிகளை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கால்பந்து விதிகளை எழுதும் சர்வதேச அமைப்பான ஐ.எஃப்.ஏ.பி.யின் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இந்த மடலை நடுவர்களுக்கு எழுதவில்லை. அவர்கள் நீங்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் மைதானத்தில் படித்துக் காட்டுகிறார்கள். 1886லிருந்து கால்பந்து விதிகளின் பேனா உங்கள் கையில் இருக்கிறது, அதனால் பேச வேண்டியது உங்களிடம்தான். அதுவும் 11வது விதியில் ஒரே ஒரு இடத்தைப் பற்றி. சக ஆட்டக்காரர் பந்தை அனுப்பும் நொடியில், எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி அவர்கள் கோல் கோட்டுக்கு அருகில் நிற்பதுதான் ஆஃப்சைட் நிலை. அப்படி நிற்பவரிடம் பந்து ஒரு டிஃபெண்டர் (எதிரணியின் தடுப்பாட்டக்காரர்) மேல் பட்டுத் திரும்பி வந்தால் அது ஆஃப்சைட். அதே டிஃபெண்டர் பந்தை வேண்டுமென்றே ஆடி, அது தப்பிப்போய் அவரிடம் வந்தால் ஆஃப்சைட் இல்லை. இந்த "வேண்டுமென்றே" என்ற சொல்லால் எத்தனை ஆட்டம் புரண்டிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

2021 அக்டோபர் 10, மிலானின் சான் சிரோ மைதானம், நேஷன்ஸ் லீக் இறுதி ஆட்டம். ஸ்பெயின் 1, பிரான்ஸ் 1. 80வது நிமிடத்தில் பிரான்ஸின் தியோ எர்னாண்டஸ் ஒரு பந்தை முன்னால் தள்ளுகிறார். அது சக ஆட்டக்காரர் எம்பாப்பேக்கு. பாஸ் காலை விட்டுக் கிளம்பும்போது எம்பாப்பே ஆஃப்சைட் நிலையில் நிற்கிறார், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நடுவில் ஸ்பெயினின் டிஃபெண்டர் எரிக் கார்சியா, 20 வயதுப் பையன், தரையில் சரிந்து காலை எட்டும் மட்டும் நீட்டுகிறார். பந்து அவர் பூட்ஸில் லேசாக உரசி, திசைகூடச் சரியாக மாறாமல் அப்படியே எம்பாப்பேயிடம் போகிறது. கோல். வி.ஏ.ஆர். எனும் வீடியோ சரிபார்ப்பில் பார்த்தார்கள், நடுவர் ஆன்டனி டெய்லர் கோல் என்றே சொன்னார், கோப்பை பிரான்ஸுக்குப் போனது. காரணம் என்ன? கார்சியா பந்தை ஆட முயன்றார், அதனால் பழைய ஆஃப்சைட் அழிந்துவிட்டது.

அன்றிருந்த வாசகப்படி டெய்லர் செய்ததைத் தவறு என்று சொல்லவே முடியாது. நான் கேட்பது வேறு. கார்சியா அந்தக் காலை ஏன் நீட்டினார்? பின்னால் எம்பாப்பே நிற்கிறார் என்பதால்தானே! அவர் அங்கே இல்லாவிட்டால் அந்தப் பந்து கோல்கீப்பர் உனாய் சிமோனிடம் உருண்டு போயிருக்கும், கார்சியா நின்று வேடிக்கை பார்த்திருப்பார். ஆக, நிற்கக் கூடாத இடத்தில் நின்றவர் டிஃபெண்டரை ஒரு வேலை செய்ய வைத்துவிட்டார், அந்த வேலையையே காரணமாகச் சொல்லி அவருக்கு மன்னிப்பும் கிடைத்துவிட்டது. காலை நீட்டாமல் இருந்திருந்தால் ஆஃப்சைட் என்று லைன்ஸ்மேனின் கொடி உயர்ந்திருக்கும். தன் வேலையைச் செய்ததற்காக ஒரு டிஃபெண்டர் தண்டனை அனுபவிப்பது எந்த ஊர் நியாயம்?

நான் சில வருடம் மாவட்ட லீக் ஆட்டங்களில் லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இதே மாதிரி ஒன்று என் கண் முன்னால் நடந்தது. 2022க்கு முன்பு. என் பக்கத்து சென்டர் பேக் (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்), பதினெட்டு வயது இருக்கும், பின்னோக்கி ஓடிக்கொண்டே, டிஃபெண்டர்களுக்கு இடையே தள்ளிவிட்ட ஒரு த்ரூ பாலைக் கால் விரல் நுனியால் தட்டினான். அவனுக்குப் பின்னால் நன்றாக இரண்டு கெஜம் ஆஃப்சைடில் நின்ற ஃபார்வர்டிடம் (கோலடிக்க முன்னால் ஆடுபவர்) பந்து போய்ச் சேர்ந்தது, கோல். நான் கொடியை இறக்கியே வைத்திருந்தேன், விதி அப்படித்தான் சொன்னது. அந்தப் பையன் கத்தவில்லை, சண்டைக்கு வரவில்லை. முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்து, "சார், நான் சும்மா விட்டிருந்தா கொடி தூக்கியிருப்பீங்கல்ல?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

சரி, மிலானுக்கு அப்புறம் நீங்கள் சும்மா இருக்கவில்லை. 2022 ஜூலையில் ஒரு விளக்கம் கொடுத்தீர்கள். பந்து டிஃபெண்டரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், அதைப் பாஸ் செய்யவோ, தன் வசப்படுத்தவோ, அடித்து வெளியேற்றவோ அவருக்கு வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். பந்து தூரத்திலிருந்து வந்ததா, கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்ததா, வேகம் குறைவா, எதிர்பார்த்த திசையா, உடம்பைத் தயார் செய்ய நேரம் இருந்ததா, தரையில் வந்ததா காற்றில் வந்ததா என்றெல்லாம் அடையாளங்களும் சொன்னீர்கள். நல்ல முன்னேற்றம், மனதாரச் சொல்கிறேன். இன்று அதே கார்சியா அப்படிக் காலை நீட்டினால் கொடி உயரும் என்றே நம்புகிறேன்.

ஆனால் அதே ஆண்டு நவம்பர் 30, கத்தாரில் பிரான்ஸும் துனிசியாவும் ஆடிய உலகக்கோப்பை ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துனிசியா 1-0 என்று முன்னால் இருக்கிறது, கடைசி நொடிகள். பக்கத்திலிருந்து கோல் முன்னால் ஒரு கிராஸ் வருகிறது, துனிசியாவின் தல்பி தலையால் முட்டுகிறார், பந்து பிரான்ஸின் கிரீஸ்மனிடம் விழுகிறது, அவர் கோலுக்குள் அடிக்கிறார். கிராஸ் வந்தபோது கிரீஸ்மன் ஆஃப்சைட் நிலையில் இருந்தார். நடுவர் திரையில் போய்ப் பார்த்துக் கோலை ரத்து செய்தார். பிரான்ஸ் கொடுத்த புகாரை ஃபிஃபா தள்ளுபடி செய்தது. எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. ஆனால் தல்பி பந்தைப் பார்த்தார், போய் முட்டினார், அது கட்டுப்பாட்டோடு பந்தை வெளியேற்றிய கிளியரன்ஸ்தான் என்று ஒருவர் உங்கள் விளக்கத்தையே கையில் வைத்துக்கொண்டு வாதாடினால் என்னால் மறுக்க முடியாது. ஒரே அடையாளங்களை வைத்து இரண்டு நல்ல நடுவர்கள் இரண்டு முடிவுக்கு வரலாம் என்றால், பிரச்சினை நடுவர்களிடம் இல்லை.

நீங்கள் சொன்ன அடையாளங்கள் எல்லாமே பந்தைப் பற்றியும் டிஃபெண்டரின் உடம்பைப் பற்றியும்தான் பேசுகின்றன. ஆஃப்சைடில் நிற்கிறவர்தான் இவரை அந்தப் பந்துக்குப் போக வைத்தாரா என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.

இத்தனைக்கும் அந்த நியாயம் உங்கள் விதியிலேயே இருக்கிறது! கோலுக்குள் போகும் பந்தை கோல்கீப்பர் பாய்ந்து தட்டிவிடுகிறார், அது ஆஃப்சைடில் நிற்பவரிடம் போகிறது. கீப்பர் வேண்டுமென்றேதான் தட்டினார், ஆனாலும் ஆஃப்சைட். டிஃபெண்டரே கோல் கோட்டில் நின்று காலால் தடுத்தாலும் அதே கதைதான். ஏனென்றால் அவர்களுக்கு வேறு வழி இல்லை என்று நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். கோல் கோட்டில் வேறு வழி இல்லாதவருக்குக் கிடைக்கும் சலுகை, முப்பது கெஜம் முன்னால் அதே மாதிரி வேறு வழி இல்லாமல் சரிந்தவருக்கு ஏன் இல்லை?

2022 உலகக்கோப்பையில் ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடம்பிலும் 29 புள்ளிகளை 12 கேமராக்கள் நொடிக்கு 50 முறை அளந்தன, பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. கட்டைவிரல் நுனி கோட்டைத் தாண்டியதா என்று சொல்லிவிடலாம், ஆனால் அந்தக் கால் என்ன நினைத்து நீண்டது என்று எந்த சென்சாரும் சொல்லாது. கேமராவே இல்லாத மைதானத்தில் வெயிலில் நிற்கும் லைன்ஸ்மேனோ வேகம், தூரம், பார்வை, உடம்பு என்று எல்லாவற்றையும் அரை நொடிக்குள் எடைபோட வேண்டும்.

எல்லாத் தொடுதலையும் மன்னிக்கச் சொல்லவில்லை. நேரம் இருந்து, பந்தைக் காலுக்குள் எடுத்து, கீப்பருக்குத் திருப்பித் தரும்போது சொதப்பினால் அது ஃபார்வர்டின் கோல், தாராளமாகக் கொடுங்கள். நான் கேட்பது இதுதான்: பந்தைத் தன் வசம் எடுத்து, அடுத்து என்ன செய்வது என்று தானே தேர்ந்தெடுத்த டிஃபெண்டரின் ஆட்டம் மட்டுமே ஆஃப்சைடை அழிக்கட்டும். ஆஃப்சைடில் நிற்பவரை நோக்கிப் போகும் பந்தைத் தடுக்கவோ வெட்டவோ முயன்ற தொடுதல், அது எவ்வளவு சுத்தமாகப் பட்டிருந்தாலும், அழிக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் ஆஃப்சைட். கோல்கள் குறையும் என்பார்கள். குறைகிற அந்தச் சில கோல்கள் யாருடைய திறமையாலும் வந்தவை அல்ல.

உங்களிடம் 8 ஓட்டு, நான்கு பிரிட்டிஷ் சங்கங்களுக்கு ஒவ்வொன்று, ஃபிஃபாவுக்கு நான்கு. 6 ஓட்டு சேர்ந்தால் விதி மாறும், ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் மிலான் ஆட்டத்தையும் கத்தார் ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், மெதுவாக ஓட்டாமல், ஒரே ஒரு முறை, லைன்ஸ்மேன் பார்க்கிற வேகத்தில்.

அன்புடன்,
கொடி பிடித்த ஒருவன்